டிக்கெட் அச்சடிப்பதற்கு முன்

ஒரு குழந்தைக்குப் பெரிய நோய் என்று தெரிந்த சில நாட்களிலேயே ஊரில் நான்கு பேர் கூடி, "ஒரு கச்சேரி வச்சு வசூல் பண்ணிடலாம்" என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் இது பழகிப்போன காட்சி. உள்ளூர் ஆர்கெஸ்ட்ரா, கல்யாண மண்டபம், குழந்தையின் படம் போட்ட ஃப்ளெக்ஸ், கடைகடையாக ஏறி இறங்கும் டிக்கெட் புத்தகம். டிக்கெட் வாங்குகிறவர் மனதில் இரண்டு கேள்விகள் ஓடும். பணம் உண்மையிலேயே குழந்தைக்குப் போகிறதா? அரசுக் காப்பீடு இருக்கும்போது வசூல் எதற்கு? வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். கேட்டால் கல்நெஞ்சக்காரர் என்று பெயர் வந்துவிடும். அதனால் இருநூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு, சந்தேகத்தையும் கூடவே வைத்துக்கொள்கிறோம்.

கேள்விகள் நியாயமானவை. பெரும்பாலான இடங்களில் ஏற்பாட்டாளர்களின் நோக்கமும் நியாயமானதுதான். இடையில் இல்லாமல் போவது விவரம். அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

முதலில் வரவு செலவு. 800 பேர் உட்காரக்கூடிய மண்டபம், டிக்கெட் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 600 டிக்கெட் விற்றால் 1,20,000 ரூபாய். ஆர்கெஸ்ட்ராவுக்கு 60,000, ஒலி ஒளி அமைப்புக்கு 25,000, மண்டபத்துக்கும் கரண்டுக்கும் 20,000, அச்சுக்கும் ஃப்ளெக்ஸுக்கும் 8,000, கலைஞர்களின் சாப்பாடு, வண்டிச் செலவுக்கு 7,000 என்று வைத்தால் செலவும் சரியாக 1,20,000. கையில் நிற்பது பூஜ்யம். யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. இந்தத் தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் டிக்கெட் காசு கச்சேரியை நடத்தவே சரியாகப் போய்விடும் என்பது பெரும்பாலும் மாறாது. மேடை முடிந்த மறுநாள் குழந்தையின் அப்பா கையில் ஒரு சிறிய கவர் வந்து சேர்ந்து, ஊரே "அவ்வளவு கூட்டம் வந்ததே, பணம் எங்கே?" என்று பேசுவதற்குப் பின்னால் இருப்பது பல நேரங்களில் இந்தக் கூட்டல் கழித்தல்தான்.

அப்படியானால் இந்தக் கச்சேரிகளில் பணம் எங்கிருந்து வருகிறது? மண்டப உரிமையாளர் வாடகை வேண்டாம் என்பதிலிருந்து, ஜவுளிக்கடைக்காரர் ஒலி அமைப்புச் செலவை ஏற்பதிலிருந்து, அச்சகத்தார் தாள் விலை மட்டும் வாங்குவதிலிருந்து, நுழைவாயிலில் வைத்த உண்டியலிலிருந்து, கச்சேரிக்கு வர முடியாத துபாய்க்காரரும் சிங்கப்பூர்க்காரரும் அனுப்புவதிலிருந்து. சரியாகத் திட்டமிட்டவர்கள் செலவு முழுவதையும் நாலைந்து புரவலர்கள் தலையில் முன்கூட்டியே ஏற்றிவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு டிக்கெட்டும் முழுசாகக் குழந்தைக்கு. இதை டிக்கெட்டிலேயே ஒரு வரியாக அச்சடிக்கலாம்: நிகழ்ச்சிச் செலவை இன்னார் ஏற்றுள்ளனர். அந்த ஒரு வரி இல்லாத டிக்கெட்டைப் பார்த்தால் கேளுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நல்ல காரியம்தானே என்று எல்லாக் கலைஞர்களையும் இலவசமாக வாசிக்கச் சொல்வது சரியில்லை. பெயர்பெற்ற பாடகர் ஒரு நாள் சம்பளத்தை விடுவதும், சீசனில் கிடைக்கும் நாலு இரவுக் கச்சேரிகளை நம்பி வாழும் கீபோர்டுக்காரரும் தபலாக்காரரும் விடுவதும் ஒன்றல்ல. பின்வரிசைக் கலைஞர்களுக்குப் பேட்டாவாவது கொடுத்தே ஆக வேண்டும். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு.

அடுத்த கேள்வி காப்பீடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வருமானச் சான்றிதழும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு போனால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். பிறவி இதயக் கோளாறு போன்றவற்றுக்கு, 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் குழுக்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து குழந்தைகளைப் பார்த்து, அறுவை சிகிச்சை வரை இலவசமாக அழைத்துச் செல்கின்றன. தலசீமியா குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று என்றால், கோல் இந்தியா நிறுவனம் 2017 முதல் நடத்தும் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பிரதமரின் தேசிய நிவாரண நிதி, இதய அறுவைக்கும் சிறுநீரக மாற்றுக்கும் புற்றுநோய்க்கும் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளுக்கு நேராகப் பணம் கட்டுகிறது. ஆனால் அதற்கு மருத்துவமனை தரும் செலவு எஸ்டிமேட்டோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்; செலவழித்துவிட்டுப் பில்லோடு போனால் திருப்பித் தரமாட்டார்கள். கச்சேரி வேலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த விண்ணப்பம் தவறிப்போன குடும்பங்கள் உண்டு. 20,000 ரூபாய் வசூலிக்க ஒரு மாதம் அலைந்து, அதைவிடப் பல மடங்கு கிடைக்கக்கூடிய வாசலைத் தட்டாமல் விட்டுவிடுகிறோம்.

அப்படியென்றால் வசூலே தேவையில்லையா? தேவைதான். எதற்குத் தேவை என்பதில்தான் குழப்பம். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகப் பரவலானது ரத்தப் புற்றுநோய். அதில் அடிக்கடி வரும் வகைக்கு முறையாகச் சிகிச்சை எடுத்தால் குணமாகும் வாய்ப்பு மிக நல்லது. ஆனால் சிகிச்சை முடிய இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகும். முதல் சில மாதங்கள் கடுமையானவை. பிறகு மாதக்கணக்கில் மாத்திரை, ரத்தப் பரிசோதனை, ஊருக்கும் மருத்துவமனைக்கும் நடை. மருந்தைக் காப்பீடோ அரசு மருத்துவமனையோ பார்த்துக்கொள்ளும். வேலூரிலோ சென்னையிலோ மருத்துவமனைக்குப் பக்கத்தில் எடுக்கும் அறை வாடகையை யார் பார்ப்பார்கள்? அம்மா குழந்தையோடு தங்கிவிட, ஊரில் மற்றொரு பிள்ளை பாட்டி வீட்டில். தினக்கூலிக்குப் போகும் அப்பா வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போனால் பெரிது. காய்ச்சல் வந்தால் நள்ளிரவில் வாடகை வண்டி. இந்தச் செலவுக்குத் திட்டமும் இல்லை, அட்டையும் இல்லை. குடும்பத்தைக் கந்துவட்டிக்குத் தள்ளுவது பெரும்பாலும் இதுதான். கச்சேரிப் பணம் சரியாகப் போய்ச் சேர வேண்டிய இடமும் இதுதான்.

அதனால் ஒரே நாளில் மேடையில் பெரிய அட்டைக் காசோலை கொடுத்துப் படம் எடுப்பதைவிட, வசூலைத் தனிக் கணக்கில் போட்டு மாதாமாதம் இவ்வளவு என்று குடும்பத்துக்குக் கொடுப்பது பல மடங்கு உதவும். மொத்தமாகக் கொடுத்தால் பழைய கடன்காரர் மறுநாள் காலையில் வாசலில் நிற்பார். சின்னத் தகவல்களும் பணத்துக்குச் சமம். புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போகும்போது ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் அவருக்குக் கட்டணமே இல்லை. உடன் செல்பவருக்கு 75 சதவீதம் குறைப்பு. மருத்துவமனையின் சான்றிதழ் மட்டும் வேண்டும். இது தெரியாமல் பஸ்ஸுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

இனி, பெரிய தொகைகள். ஃப்ளெக்ஸில் "16 கோடி ரூபாய் ஊசி" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு என்னும் மரபணு நோய்க்கான சோல்கென்ஸ்மா மருந்து அது. 2019 மே மாதம் அமெரிக்காவில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி பெற்றது. அங்கே அறிவித்த விலை 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர். இதன் இறக்குமதிக்கு வரி மட்டுமே கோடிகளில் வந்த காலம் ஒன்று இருந்தது. 2021 செப்டம்பரில் ஜிஎஸ்டி விலக்கும், 2023 ஏப்ரல் முதல் அரிய நோய் மருந்துகளைச் சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்வோருக்கு அடிப்படைச் சுங்கவரி விலக்கும் வந்தன. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின் கீழ், அதற்கென்று அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்களில் சிகிச்சை பெறுவோருக்கு 2022 முதல் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. இதே நோய்க்கு வாய்வழியாகக் கொடுக்கும் ரிஸ்டிப்லாம் என்ற மருந்தின் ஒரு புட்டி 6 லட்சம் ரூபாய் அளவில் விற்றது. 2025 அக்டோபரில், காப்புரிமை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பிறகு, ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதை 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது.

இந்த விலைச் சரிவை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு யாரோ வடிவமைத்த ஃப்ளெக்ஸின் தொகையை அப்படியே எடுத்து அச்சடிக்கும் பழக்கம் இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு, இந்த மாதத்தில், எந்தச் சிகிச்சை, எவ்வளவு என்று மருத்துவமனையின் முத்திரையோடு கூடிய எஸ்டிமேட் தாள் ஒன்றே நம்பத்தக்கது. அது இல்லாமல் வசூல் தொடங்கக் கூடாது.

பணம் யார் பெயரில் வருகிறது என்பது அடுத்தது. இதில் பலருக்கும் தெரியாத ஒரு கண்ணி இருக்கிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் ஓராண்டில் அன்பளிப்பாகப் பெறும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அது முழுவதையும் அவருடைய வருமானமாகவே வருமான வரிச் சட்டம் கருதுகிறது. கல்யாணத்தில் வரும் மொய்க்கு விலக்கு உண்டு. கொரோனா சிகிச்சைக்குப் பெற்ற உதவிக்குத் தனி விலக்கு கொடுத்தார்கள். பிள்ளையின் புற்றுநோய்க்கு ஊரார் கொடுத்த பணத்துக்கு அப்படிப் பொது விலக்கு இல்லை. மணமேடைக்கு இருக்கும் இரக்கம் மருத்துவமனைக் கட்டிலுக்கு இல்லாமல் போனது வேடிக்கைதான். சட்டம் திருந்தும்வரை நாம் வழி பார்த்து நடக்க வேண்டும். வருமான வரித் துறையில் பதிவுபெற்ற அறக்கட்டளை ஒன்றின் வழியாகப் பணம் வந்தால் பெற்றோருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஊரில் உள்ள ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களின் அறக்கட்டளைகள் பல இதற்கு முன்வரும். சிகிச்சைக் கட்டணத்தைப் பொறுத்தவரை, குழந்தையின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு மருத்துவமனைக் கணக்கிலேயே நேராகக் கட்டிவிடுவது எல்லோருக்கும் நிம்மதி. ஏற்பாட்டாளர் ஒருவரின் சொந்த ஜிபே எண்ணை ஃப்ளெக்ஸில் போடுவது மட்டும் கூடவே கூடாது. அவர் தங்கமான மனிதராக இருந்தாலும் கூடாது. தங்கமான மனிதராக இருந்தால் அவரைக் காப்பாற்றுவதற்காகவே கூடாது.

தாளும் கணக்கும் முதலில், பாட்டு பிறகு என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், வங்கதேச அகதிகளுக்காகப் பண்டிட் ரவிசங்கரும் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனும் ஒரே நாளில் இரண்டு கச்சேரிகள் நடத்தினார்கள். டிக்கெட் வசூலான சுமார் 2,43,000 டாலர் யுனிசெஃப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைவிடப் பன்மடங்கு பெரிய தொகை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் வந்தது. ஆனால் யுனிசெஃப்பை முன்கூட்டியே முறைப்படி பயனாளியாக ஏற்பாடு செய்துகொள்ளாததால், அமெரிக்க வருமான வரித் துறையின் பிடியில் அந்தப் பணம் ஆண்டுக்கணக்கில் சிக்கியது. உலகத்தின் மிகப் புகழ்பெற்ற இசைக்கலைஞர்களுக்கே அந்தக் கதி. நம்மிடம் இதைவிட நேரான முன்மாதிரி இருக்கிறது: 1944-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி கஸ்தூரிபா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள் பாடினார். நிதி என்று ஒன்று முதலில் இருந்தது. பாட்டு அதற்காகப் பாடப்பட்டது. பொதுக் காரியங்களுக்காக அவர் பாடிய கச்சேரிகளுக்குக் கணக்கே இல்லை. 1974-இல் பொதுச் சேவைக்கான மகசேசே விருதும் அவருக்கு வந்தது.

அனுமதிகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை அணைக்க வேண்டும். 500 ரூபாய் வரையிலான கச்சேரி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஒன்று மட்டும் பலரைத் திகைக்க வைக்கும். திரைப்பாடல்களை மேடையில் பாட உரிமம் வேண்டும். தொழில்முறையல்லாத ஒரு சங்கம், டிக்கெட் இல்லாமல் பாடினாலோ சமய நிறுவனம் ஒன்றின் நலனுக்காகப் பாடினாலோ பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. கோயில் திருப்பணிக்கு விலக்கு உண்டு. டிக்கெட் விற்றுக் குழந்தையின் சிகிச்சைக்குப் பாடினால் இல்லை. உரிமம் வழங்கும் அமைப்புக்கு முன்கூட்டியே எழுதி, காரணத்தைச் சொல்லிக் கட்டணச் சலுகை கேட்டுப் பார்க்கலாம்.

மேடைக்குக் குழந்தையைக் கொண்டுவரும் வழக்கம் நிற்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. கீமோதெரபியில் இருக்கும் குழந்தைக்கு வெள்ளையணுக்கள் சரிந்திருக்கும். நமக்குச் சாதாரண இருமலாகப் போவது அதற்கு ஐசியூவில் முடியலாம். அறுநூறு பேர் மூச்சுவிடும் மண்டபத்தில், ஸ்பீக்கர் பெட்டிக்கு இரண்டடி தள்ளி, முகக்கவசத்தோடு அம்மாவின் தோளில் சாய்ந்திருக்கும் பிள்ளையின் கையில் மைக்கைக் கொடுத்து "எல்லாருக்கும் தேங்க்ஸ் சொல்லு கண்ணு" என்று கேட்பது உதவி அல்ல. முடி கொட்டிய முகத்தை நாற்சந்தியில் பத்தடி உயரத்துக்கு வைப்பதும் அப்படித்தான். அந்தப் பிள்ளை பிழைத்து எழுந்து, பத்தாம் வகுப்புப் படிக்கும். அன்றைக்கு அதன் வகுப்புத் தோழன் செல்போனில் அந்தப் படம் இருக்கும். பெயரின் முதலெழுத்து, வயது, நோய், மருத்துவமனை, எஸ்டிமேட் தொகை, இவ்வளவு போதும். கொடுக்க நினைப்பவர் கொடுப்பார்.

கூட்டத்தால் ஆகக்கூடிய பெரிய காரியம் ஒன்றை ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைக்குத் தட்டணுக்கள் திரும்பத் திரும்பத் தேவைப்படும். எடுத்த தட்டணுக்களை ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால் ரத்த வங்கியில் இருப்பு என்பது எப்போதும் குறைவு. கொடுக்க ஆள் இருப்பதுதான் முக்கியம். மண்டபத்தில் 18 முதல் 65 வயதுக்குள் நூற்றுக்கணக்கானோர் இருக்கிறார்கள். வாசலில் ஒரு மேஜை போட்டு, பெயர், ரத்த வகை, போன் நம்பர் எழுதி வாங்கினால், குடும்பத்துக்கு அடுத்த ஓராண்டின் பெரிய கவலை ஒன்று தீரும். மஜ்ஜை மாற்று தேவைப்படும் குழந்தைக்கு உடன்பிறந்தவரின் செல் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்றுதான். மற்றவர்களில் பலர் பதிவேட்டில் உள்ள முகமறியாத கொடையாளியை நம்ப வேண்டும். சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி அமைப்பில் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் ஒற்றிக் கொடுத்தாலே பதிவாகிவிடும். ஒரு டிக்கெட்டின் விலைகூட அதற்கு ஆகாது.

கடைசியாகக் கணக்கு. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்து மொய் விருந்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெயர், ஊர், தொகை என்று நோட்டில் ஏறாமல் ஒரு ரூபாய்கூடப் பெட்டிக்குள் போகாது, எழுத ஒருவர், எண்ண ஒருவர். அந்த ஒழுங்கு கச்சேரி டிக்கெட்டுக்கும் வேண்டும். எண் போட்ட டிக்கெட், யாரிடம் எந்த எண் முதல் எந்த எண் வரை கொடுத்தோம் என்ற பட்டியல், திரும்பி வந்த அடிக்கட்டைகள், உண்டியலை மூன்று பேர் முன்னிலையில் எண்ணிக் கையெழுத்து. தேவைக்கு மேல் வசூலானால் என்ன செய்வது என்பதையும் முதல் நாளே எழுதிவிட வேண்டும். 2021-இல் கேரளத்தில் ஒரு குழந்தையின் மரபணுச் சிகிச்சைக்கு 18 கோடி கேட்டார்கள்; சில நாட்களில் 46 கோடிக்கு மேல் குவிந்துவிட்டது. மிஞ்சியது யாருக்கு என்ற கேள்வி அப்போது எழுந்தது. கூட்டு நிதி வசூலை அரசு கண்காணிக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றமும் அந்த நாட்களில் சொன்னது. நம் ஊரில் கோடிகள் மிஞ்சாது. ஆனால் பணம் முழுவதும் செலவாகும் முன்பே குழந்தை குணமாகலாம், அல்லது நாம் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதும் நடக்கலாம். அப்போது மீதி அதே வார்டில் இருக்கும் மற்றொரு குழந்தைக்கு என்று முன்பே எழுதியிருந்தால், அந்தத் துக்க வீட்டில் யாரும் பணத்தைப் பற்றிப் பேச வேண்டிவராது.

ஆகவே அடுத்த முறை டிக்கெட் புத்தகத்தோடு வருகிறவரிடம் எஸ்டிமேட் தாளைக் காட்டச் சொல்லுங்கள், கணக்கு யார் பெயரில் என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். கச்சேரி முடிந்ததும் டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் வரவு செலவு விவரம் மண்டபச் சுவரிலோ வாட்ஸ்அப்பிலோ வரவில்லை என்றால், அந்த டிக்கெட்டின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.